குசினியில் கேட்ட அப்பாவின் பெயர்

"கந்தையா, தட்டுகள்!" என்று குசினியின் மறுமுனையிலிருந்து முதல்முறை சத்தம் வந்தபோது என் கையிலிருந்த சட்டி நழுவி விழுந்தது. கந்தையா என் அப்பா. அவர் இலங்கையில், வன்னியில் இருந்தார். நான் பாரிஸில், மார்க்ஸ் டோர்மோய்க்குப் பக்கத்தில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். எங்களிடம் குடும்பப் பெயர் கிடையாது. அப்பாவின் பெயர் எங்கள் பெயருக்கு முன்னால் நிற்கும், எங்கள் பெயர் பிள்ளையின் பெயருக்கு முன்னால் போகும், அப்பப்பா கழன்றுவிடுவார். பிரெஞ்சுக்காரர் முன்னால் நின்றதைக் குடும்பப் பெயர் என்று பதிந்துவிட்டார்கள். ஊரில் ஒருவனை அப்பன் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அது சண்டைக்கு இழுக்கிற வேலை. இங்கே சம்பளமும் தந்து கூப்பிட்டார்கள்.

கூப்பிட்டவர் எங்கள் செஃப், கனடாவின் கியூபெக் மாகாணத்துக்காரர். அவருடைய குடும்பப் பெயருக்குச் சந்தோஷ மனசுக்காரன் என்று அர்த்தமாம். மனிதர் சிரித்து நான் கண்டதில்லை. அது பிரான்சிலிருந்து கனடாவுக்குப் போன அவருடைய முன்னோருக்குப் பட்டாளத்தில் வைத்த பட்டப்பெயர். அந்தக் காலத்துச் சிப்பாய்களுக்கெல்லாம் அப்படி ஒன்று இருந்ததாம். அங்கே குடியேறிய பிறகு சில தலைமுறைகள் சொந்தக் குடும்பப் பெயரையும் பட்டப்பெயரையும் சேர்த்தே சொல்லி, பிறகு ஒன்றை விட்டார்கள். செஃப்பின் வீட்டார் விட்டது சொந்தப் பெயரை. அதைத் தேடித்தான் அவர் பாரிஸுக்கு வந்து, லீவு நாளெல்லாம் ஆவணக் காப்பகங்களில் கிடந்தார். ஒவ்வொரு படைப்பிரிவிலும் ஒரு சந்தோஷ மனசுக்காரன் இருந்திருக்கிறான், இதில் என்னுடையவன் எவன் என்று அலுத்துக்கொள்வார்.

என் மனைவி பிள்ளைத்தாய்ச்சியாக இருந்த நேரம் அது. முறைப்படி பிள்ளை என் பெயரைத்தான் கொண்டுபோக வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். பெயரை மாற்ற, தமிழர் கடைத்தெருவான லா ஷப்பலில் ஒரு சட்டத்தரணியைப் பிடித்துவிட்டு, செஃப்பிடம் அரைநாள் லீவு கேட்டேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார். தங்கள் வீட்டிலும் யாரோ வசதிக்காக ஒரு பெயரை வெட்டிவிட்டார்கள், அவர்களுக்கு அது ஒருநாள் வேலை, தனக்கு ஆயுள் முழுக்க வேலை என்றார். எனக்குக் கோபம் வந்தது. எங்கள் ஊரில் பெயர் கழன்றாலும் ஆளைத் தெரிந்தவர்கள் நாலு வீடு தள்ளி இருப்பார்கள், தேட வேண்டியதில்லை என்றேன்.

அந்த வருடமே, 2009இல், போரின் கடைசியில் நாலு வீடும் இல்லாமல் போயிற்று. முகாமுக்கு வந்து சேர்ந்தவர்கள் அப்பாவைப் பற்றிச் சொன்னது இவ்வளவுதான்: கூடவே நடந்து வந்தார், பிறகு காணவில்லை. திவசம் செய்ய நாள் தெரியவில்லை. செத்துவிட்டார் என்று சொல்ல வாய் வரவில்லை. வீட்டு வாடகை பொறுக்காது என்பதால் வேலைக்குப் போனேன். யாரோ செஃப்பிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தார்கள். என் மனம் நோகக்கூடாது, கந்தையா என்று கூப்பிட வேண்டாம் என்று அவர் எல்லோரிடமும் சொல்லி வைக்க, குசினி முழுக்க அன்றிலிருந்து "தவம், தவம்" என்று என் சொந்தப் பெயராகவே இருந்தது. நான் ஆசைப்பட்ட பெயர்தான். அதைக் கேட்கக் கேட்க, மற்றப் பெயர் வராதா என்று குசினியின் மறுமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் சட்டத்தரணியின் பேச்சு வந்தபோது மனைவி சொன்னாள்: "இனி என்னத்துக்கு மாத்துறியள்? அங்கை மாமாவைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆக்கள் இல்லை. இஞ்சை எண்டாலும் கூப்பிடட்டும்."

மறுநாள் செஃப்பிடம் போய், பழையபடியே கூப்பிடச் சொன்னேன். அன்று தேவைக்கும் கூப்பிட்டார், தேவையில்லாமலும் கூப்பிட்டார். சில வருடங்களில், தேடிய பெயர் கிடைக்காமலே கனடாவுக்குத் திரும்பிவிட்டார்.

மகள் வளர்ந்துவிட்டாள். நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்கிறாள். போன கிழமை அவளுக்குக் காய்ச்சல் என்று மூவரும் டாக்டரிடம் போயிருந்தோம். உள்ளேயிருந்து "கந்தையா" என்றார்கள். மூவரும் ஒன்றாக எழுந்தோம். கதவடியில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். காத்திருந்தவர்களில் வேறு யாரும் எழும்பவில்லை.