மாலை போட்ட படத்தில் இருந்தவர் வீட்டுக்கு வந்தார்

என் கணவர் முருகேசன் எல்லையில் தீவிரவாதிகள் வைத்த குண்டில் இறந்து எட்டு வருஷம் ஆகிறது. இதை இப்படி ஒரே வரியில் என்னால் எழுத முடிவதே இந்தத் தை மாதத்திலிருந்துதான். அதுவரை நான் நம்பவில்லை.

காரணம், அந்தப் பெட்டி. மூடி, ஆணியடித்து, கொடி போர்த்திக் கொண்டுவந்தார்கள். திறக்கக்கூடாது என்றார்கள். எங்கள் கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டு வாசலில் அரைமணி நேரம் வைத்தார்கள். வானத்தைப் பார்த்துச் சுட்டு மரியாதை செய்தார்கள். என் மகள் சுமதிக்கு அப்போது ஒன்பது வயது. "ம்மா, உள்ள அப்பாதான் கீறாருன்னு உனக்கு எப்டித் தெரியும்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. முகத்தைக் காட்டாமல் நம்பு என்றால் எப்படி நம்புவது?

ஊருக்காகத் தாலியைக் கழற்றினேன். ஆனால் அரிசி டப்பாவுக்குள் வைத்திருந்தேன், வந்தால் கட்டிக்கொள்ளலாமே என்று. அவர் நம்பருக்கு மாதாமாதம் ரீசார்ஜ் செய்தேன். திதி கொடுக்கவில்லை. உயிரோடு இருப்பவருக்கு எள்ளும் தண்ணீரும் விட்டால் அந்தப் பாவம் யாருக்கு? சொந்தக்காரர்கள் பைத்தியம் என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

சகோதரிகளே, வெள்ளிக்கிழமை தோறும் கோயிலில் உங்களோடு நம் அம்மனுக்கு விளக்கேற்றினேனே, அப்போதெல்லாம் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். இருக்கிறாரா, இல்லையா, ஒரு வார்த்தை சொல் தாயே. வேறு எதுவும் கேட்டதில்லை. அவளும் வாயைத் திறக்கவில்லை.

இதற்கு நடுவில் பேனர் கூத்து வேறு. ஒவ்வொரு குடியரசு தினத்துக்கும் எங்கள் ஏரியா மன்றத்தில் கூட்டம் போடுவார்கள். முதல் வருஷம் படம் கேட்டு வந்தார்கள். அவரும், பெயரோ ஊரோ எனக்குத் தெரியாத அவருடைய நண்பர் ஒருவரும் யூனிபார்மில் சேர்ந்து நிற்கும் படம்தான் கையில் இருந்தது. இடது பக்கம் நிற்பவர் என்று சொல்லித்தான் கொடுத்தேன். மறுநாள் சிக்னல் ஓரத்தில் பத்தடி உயரத்துக்கு பேனர். மேலே தேசியக்கொடி, நடுவில் மாலை, கீழே என் கணவர் பெயர். மாலைக்குள்ளே இருந்தது அந்த நண்பரின் முகம்!

ஓடிப்போய் மன்றத்துப் பாபுவிடம் சொன்னேன். "பேரு கரெக்டா கீது இல்லக்கா? மூஞ்ச எவன் பாக்கப் போறான்? ரெண்டு பேருமே மிலிட்டரிதானே. வுடுக்கா, அடுத்த வருசம் மாத்திடலாம்" என்றார். மாற்றவே இல்லை. கடைக்காரரிடம் டிசைன் தயாராக இருந்தது. வருஷத்தை மட்டும் மாற்றி மாற்றி அடித்தார்கள். வேறு படம் கொடுத்தேன், அது யாருடைய போனிலோ தொலைந்து போனது. என்னை வீரமங்கை என்று மேடையில் ஏற்றிச் சால்வை போடுவார்கள். பின்னால் எவரோ ஒருவரின் படம். இறங்கியதும் அதே ஆட்கள் வளைகாப்புக்கு என் வீட்டை மட்டும் விட்டுவிட்டுப் பத்திரிகை வைப்பார்கள்.

இந்த மார்கழிக் கடைசி வெள்ளி, நான் விளக்கேற்றவில்லை. அம்மன் முன்னால் நின்று, "நீயும் அந்த மன்றத்துக்காரங்க மாதிரிதானே? உனக்கும் ஆள் யாருன்னு அக்கறை இல்ல" என்று திட்டிவிட்டு வந்தேன். அப்படிப் பேசியதற்காக இன்றுவரை நான் வருத்தப்படவில்லை.

தை பிறந்து பத்து நாள் இருக்கும். சாயங்காலம் கதவு தட்டும் சத்தம். திறந்தேன். பேனரில் மாலையோடு இருந்த முகம் வாசலில் நின்றது, கொஞ்சம் நரைத்துப்போய். நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக் கதவெல்லாம் திறந்தன.

"பயப்படாதம்மா. என் பேரு தாஸ். முருகேசன்கூட ஒரே வண்டில இருந்தவன். சிக்னல்ல என் படத்துக்கு மாலை போட்டு அவன் பேரைப் போட்டிருக்காங்க. பார்த்துட்டு வண்டிய ஓட்ட முடியல."

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றுக் கோடம்பாக்கத்தில் சினிமாக் கம்பெனி வேன் ஓட்டுகிறாராம். எல்லையில் இருபது வருஷம் நின்ற மனிதர் என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை.

நான் தண்ணீர்கூடக் கொடுக்காமல் கேட்டேன். "அண்ணா, பெட்டில இருந்தது அவர்தானா?"

"அவன்தாம்மா. முகம் அப்படியே இருந்துச்சு. வயித்துலதான்..." என்று நிறுத்தினார். "போர்த்தினது நான்தான். உள்ள போட்டிருந்த கம்பளி பனியன்ல, இடது பக்கம், ஆரஞ்சு நூல்ல ஒரு குங்குமப் பொட்டலம் தைச்சிருந்துச்சு. அதைப் பிரிச்சு நெத்தியில வெச்சு அனுப்பினேன். என்கிட்ட வேற எதுவும் இல்ல."

கடைசி லீவு முடிந்து கிளம்பியபோது நான் தைத்தது அது. நம் அம்மன் குங்குமம். வீட்டில் வேறு நூல் இல்லாமல் ஆரஞ்சில் தைத்தேன். அது எனக்கு மட்டும்தான் தெரியும், அவருக்கே தெரியாது. நான் தரையில் உட்கார்ந்து, எட்டு வருஷமாக அழாத அழுகையை அழுதேன்.

"இத்தன வருசமா ஏன்ணா வரல?"

"உங்க பிளாக் கீழ வரைக்கும் மூணு தடவ வந்தேன். மேல ஏற முடியல. அவன் தண்ணி கேட்டாம்மா. ரெண்டு தடவ கேட்டான். வயித்துல அடிபட்டா குடுக்கக்கூடாதுன்னு எங்களுக்குச் சொல்லியிருக்காங்க. நான் குடுக்கல. அவன் எப்படியும் பொழைக்கல. உன்கிட்ட வந்து இதை எப்படிச் சொல்வேன்?"

இந்த வருஷக் குடியரசு தினக் கூட்டத்துக்கு அவரையும் அழைத்துப் போனேன். அவருடைய மாலை போட்ட படத்துக்கு நேர்கீழே உட்கார வைத்தேன். பாபு சால்வையோடு வந்தவர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார், வேர்த்துவிட்டது. "மொதல்ல இவருக்குப் போடு பாபு. உசுரோட கீறாரு" என்றேன்.

தை அமாவாசையன்று பெசன்ட் நகர் கடற்கரையில் முதல் திதி. சுமதிக்கு இப்போது பதினேழு வயது, பக்கத்தில் நின்றாள். எள்ளும் தண்ணீரும் யார் விடுவது என்று ஐயர் கேட்டார். செம்பைத் தாஸ் அண்ணாவிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "விடுங்கண்ணா. இப்பக் குடிக்கட்டும்" என்றேன்.

சகோதரிகளே, நான் மகிழ்ச்சியாக எழுதவில்லை. நான் ஆசைப்பட்ட பதில் இது இல்லை. ஆனால் கேட்டவளுக்கு அம்மன் பதில் சொன்னாள், அதுவும் அந்த உதவாக்கரை பேனரை வைத்தே சொன்னாள். ரீசார்ஜை நிறுத்திவிட்டேன். இரவில் தூங்குகிறேன். வெள்ளிக்கிழமை விளக்கு இனி இரண்டாக ஏற்றுகிறேன், ஒன்று தாஸ் அண்ணாவுக்கு. உங்களுக்கும் அவள்மேல் கோபம் இருந்தால் வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள், கோபத்தோடே சந்நிதிக்கு வாருங்கள். வீட்டுக்குப் போகும் வழியில், உங்கள் தெருவில் ராணுவத்திலிருந்து வந்தவர் யாராவது இருந்தால், கதவைத் தட்டி ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு உட்காருங்கள். அவரிடம் ஏதாவது ஒரு வீட்டுக்குச் சொல்ல வேண்டியது இருக்கும்.