அரை நூல் இளைத்த அன்னம்

மேற்கு மாம்பலத்தில், மரத்தில் சித்திரம் பதிக்கும் பட்டறை ஒன்றில் பதினோரு மாதம் உப்புத்தாள் தேய்த்த பிறகுதான் வளைவு அறுக்கும் ஸ்க்ரோல் சா மிஷின் முன்னால் உட்கார எனக்கு இடம் கிடைத்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. "பொம்பளைக்கு மிஷினா?" என்று கேட்டார்கள். கேட்கட்டும். அங்கே என்னைப் போல வளைவு அறுக்க ஆள் இல்லை. சொல்ல எனக்கென்ன வெட்கம்?

மயிலாப்பூரில் வீணை சொல்லிக்கொடுக்கும் வைதேகி மாமி ஒரு நாள் உள்ளங்கை அகலத்தில் பலாமரத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தார். உடைந்த வீணையில் மிஞ்சியது.

"எங்கம்மா வாசிச்ச வீணைடி. பொண்ணு கல்யாணமாகிப் போறா. பெட்டி மூடியில இத அன்னமா பதிச்சுக் குடு. வேற துண்டு கிடையாது."

மாமி போனதும் முதலாளி கமால் பாய் சொன்னார்: "மல்லிகா, இத கெடுத்தே, அப்பால மிஷினத் தொடவே கூடாது."

மூடிக்கான தேக்குப் பலகை மேல் பலாத் துண்டை ஒட்டி, மிஷின் மேஜையைக் கொஞ்சம் சாய்த்து, இரண்டையும் சேர்த்து அறுக்க வேண்டும். அந்தச் சாய்வினால் மேல் துண்டு கீழ்த் துளையில் இறுகி உட்காரும். ஆனால் வரைந்த அன்னத்தின் கோட்டைச் சுற்றி ஒரே திசையில்தான் போக வேண்டும். திசை மாறினால் துண்டு தொளதொளத்துவிடும்.

அலகில் சின்னத் துளை போட்டு பிளேடை நுழைத்து, கழுத்து வரை அறுத்து வந்திருப்பேன், கரண்ட் போனது. பிளேடைக் கழற்றினேன். கரண்ட் வந்ததும், அவசரத்தில், தொடங்கிய துளையிலேயே மாட்டி எதிர்த்திசையில் சுற்றி வந்து முடித்தேன். துண்டை வைத்துப் பார்த்தால் கழுத்து இறுக்கம், வால் பக்கம் நகம் நுழையும் சந்து. ஐயோ! அழுதேவிட்டேன்.

"இன்னாமா பண்ணி வச்சிகீற?" பாய் தலையில் கைவைத்தார். "மரத்தூள கோந்துல கொழச்சு அடச்சிடு. பாலிஷ் போட்டா ஒண்ணியும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே பாய்!"

யோசித்தேன். தேக்கு பட்டறையில் வேண்டிய மட்டும் கிடக்கிறது. அன்னமும் முழுசாகத்தான் இருக்கிறது, விளிம்பு மட்டுமே கோணல். புதுத் தேக்கில் அதே அன்னத்தை ஒட்டி, விளிம்புக்கு அரை நூல் உள்ளே, அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு உள்ளே, ஒரே திசையில் மறுபடி அறுத்தேன். பார்க்கத் தைரியமில்லாமல் பாய் வாசலில் போய் நின்றுகொண்டார். சுத்தியலால் மெல்லத் தட்டினேன். கப்பென்று உட்கார்ந்தது!

மாமி வந்தபோது, பேசாதே என்று பாய் கண்ணைக் காட்டினார். நானா அடங்குவேன்?

"மாமி, மொத தடவ தப்பா அறுத்துட்டேன். மறுபடி அறுத்ததுல உங்க மரம் சுத்திலும் அரை நூல் போயிடுச்சு."

மாமி கண்ணை மூடி, தந்தி மீட்டிக் காய்த்த விரலால் மூடியை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை தடவினார். மறுபடியும் தடவினார்.

"அன்னம் எங்கடி இருக்கு? விரலுக்கு ஆம்படவே இல்லையே!"

நான் பெருமையோடு பாயைத் திரும்பிப் பார்த்தேன்.

அன்றிலிருந்து பலகையில் பென்சிலால் ஓர் அம்புக்குறி போட்ட பிறகுதான் சுவிட்சைத் தொட்டேன். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களே, நீங்களும் போடுங்கள். தப்பு செய்தால் வாயைத் திறந்து சொல்லுங்கள். வேலை நன்றாக அமைந்தால் அதையும் சொல்லுங்கள். நான் சொல்லவில்லையா?