ஞாபகம் இல்லையென்று சொன்ன நாள்

விரிவுரையாளர் தன் பேனாவின் மூடியைக் கழற்றி என் பக்கமாக நீட்டியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஜெயபுரத்தில் என் வீட்டு விறாந்தையில், பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். மேசையில் ஒரு கடிதம். சண்டைக்கு முன்னர் இந்த ஊரில் இரண்டு ஏக்கர் காணியில் அவருடைய குடும்பம் குடியிருந்தது எனக்குத் தெரியும் என்று நான் அதில் கையெழுத்திட வேண்டும். காணி அனுமதிப்பத்திரம் இடம்பெயர்வில் கடலோடு போய்விட்டது. ஊரவர் இருவர் சாட்சி சொன்னால் காணி திரும்பக் கிடைக்கும். ஒருவர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார். மற்ற ஆள் நான்.

எனக்குத் தெரியாமல் என்ன? மலையகத்துக் கலவரத்துக்குத் தப்பி வந்த அவருடைய பெற்றோர் காடு வெட்டித் திருத்திய காணி அது. இங்கே பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்த காலத்தில் தினமும் அந்த வேலியோரமாகத்தான் சைக்கிளில் போவேன். அவருடைய அம்மா சாக்கு விரித்து மிளகாய் காயப்போட்டிருப்பா. மகன் பல்கலைக்கழகத்தில் தமிழ் படிப்பிக்கிறார் என்பதில் அவாவுக்கு அவ்வளவு பெருமை.

பிறகு ஆளுக்கொரு வள்ளத்தில் தமிழ்நாட்டுக்கு ஓடினோம். அங்கே அகதி முகாமில் அவரும் எங்களைப் போலப் பெயின்ற் அடிக்கத்தான் போனார். ஆனால் வேலையில்லாத நாட்களில், நகத்தில் ஒட்டிய பெயின்ற் போகாமலே, எங்களுக்கு வேலை கேட்டுத் தனியார் பள்ளிக்கூடங்களின் படியேறுவார். சான்றிதழைத் தொலைத்துவிட்டு வந்த ஆசிரியர்களுக்கும் தாதிமாருக்கும் தன் பட்டத்தை எழுதிக் கையெழுத்திட்டுக் கடிதம் கொடுப்பார். ‘இவரை நன்கு அறிவேன். சிறந்த கணித ஆசிரியர்’ என்று எனக்கும் எழுதினார். எனக்கே கூச்சமாகப் போய்விட்டது.

“சேர், என்னை உங்களுக்கு அவ்வளவாத் தெரியாதே?” என்றேன்.

“எங்க வேலியோரமா பெல் அடிச்சுக்கிட்டுப் போவீங்களே. லீவுல வர்றப்பல்லாம் பார்த்திருக்கேன். இதுக்கு மேல என்னங்க தெரியணும்?”

அந்தக் கடிதத்தால்தான் கரும்பலகையில் எழுத என் கைக்குத் திரும்பவும் வெண்கட்டி வந்தது. என் பிள்ளைகள் தலை நிமிர்ந்து படித்தார்கள்.

சண்டை முடிந்து ஊர் திரும்பியபோது, எங்களுக்கு முந்தி வந்த அத்தான், அக்காவின் கணவர், அந்தக் காணியைத் துப்புரவாக்கி நெல் விதைத்திருந்தார். விரிவுரையாளர் வரப்போகிறார் என்று அறிந்ததும் அத்தான் என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“நீ ஒரு பொய்யும் சொல்லவேண்டாம். ஞாபகம் இல்லையெண்டு சொன்னாப் போதும். அதுகள் தோட்டக்காட்டுச் சனம், எங்க போனாலும் பிழைச்சிடுங்கள்.”

மலையகத்தாரை இழிவாகச் சொல்லும் அந்தச் சொல்லைக் கேட்டு எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அக்காவின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

நீட்டிய பேனாவை நான் வாங்கவில்லை. “எனக்கு வடிவா ஞாபகம் இல்லை, சேர்” என்றேன்.

அவர் சண்டை பிடித்திருந்தால் நானும் ஏதாவது கத்தித் தப்பியிருப்பேன். பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். “ஆமாங்க, ரொம்ப வருசமாச்சு இல்லீங்களா” என்று எனக்காக ஒரு காரணத்தையும் அவரே தேடித் தந்தார். என் சின்ன மகள் இப்போது என்ன செய்கிறாள் என்று விசாரித்தார். வைத்த தேத்தண்ணியை மிச்சம் விடாமல் குடித்தார். படலையைத் தாண்டி வலப்பக்கம் திரும்பினால் அவருடைய காணி. அவர் இடப்பக்கம் பஸ்ஸுக்கு நடந்தார்.

இப்போது வவுனியாவில் சொந்தக்காரர் வீட்டில் ஒரு அறையில் இருக்கிறாராம். அங்கேயும் சனங்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கிறாராம். போய்ப் பார்க்க எனக்கு முகமில்லை. இப்போதாவது உண்மையை எழுதிக் கொடுக்கலாமே என்று மனைவி கேட்கிறாள். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டிருக்கிறேன்.

ஒவ்வொரு போகமும் முடிய அத்தான் ஒரு மூட்டை அரிசி கொண்டுவந்து குசினியில் இறக்கிவிட்டுப் போவார். அந்த மண்ணில் நல்லாய் விளைகிறது. இன்று மத்தியானமும் அந்தச் சோறுதான். இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டேன்.