பட்டியலின் முதல் வரி

எனக்குச் சந்தேகப் புத்தி. பிறர் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுவேன். பேருந்தின் நெற்றியில் ஊர்ப் பெயர் எழுதியிருந்தாலும் நடத்துநரிடம் ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் ஏறுவேன். கோயில் பிரசாதத்தைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் வாயில் போடுவேன் என்று என் கணவர் உறவுக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பார். மாகறலில் மாடும் நிலமுமாக இருந்த குடும்பத்தில் பிறந்து, காஞ்சிபுரத்தில் தறி ஓடும் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பரிசோதனைக்கூடத்துக்கு வேலைக்குப் போய்வருகிறவள் நான். அங்கே என் வேலையே சந்தேகப்படுவதுதான்.

தண்ணீரிலோ உணவிலோ ஒரு கிருமி இருந்தால், அதன் மரபணுவில் ஒரு துண்டை இயந்திரம் படித்து எழுத்துகளாகக் கொடுக்கும். நான்கே எழுத்துகள் மாறி மாறி வரும் நீண்ட வரிசை அது. உலகத்து ஆராய்ச்சியாளர்கள் சேர்த்து வைத்திருக்கும் பொதுக் களஞ்சியத்தில் அந்த வரிசையைப் போட்டுத் தேடினால், எந்தெந்த உயிரின் மரபணுவோடு அது எவ்வளவு ஒத்துப்போகிறது என்று ஒரு பட்டியல் வரும். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் முதல் வரியைப் படித்துவிட்டு விடை கிடைத்துவிட்டது என்று எழுந்துவிடுவார்கள். நான் முதல் வரியைக் கடைசியில்தான் படிப்பேன்.

எங்கள் தெருக்கோடியில் மாடு வைத்துப் பால் ஊற்றுகிற அக்கா ஒருவர் இருக்கிறார். கணவர் இல்லை. மூன்று மாடுகளும் தெருவில் பால் வாங்குகிற வீடுகளும்தான் அவருடைய பிழைப்பு. அவர் மேலும் எனக்குச் சந்தேகம் உண்டு. மாகறல்காரிக்குப் பாலில் தண்ணீர் கலந்தால் தெரியாதா? ஒரு சொட்டை விரல் நகத்தில் விட்டு, அது ஓடுகிறதா நிற்கிறதா என்று அவர் முன்னாலேயே பார்ப்பேன்.

"இன்னாமா, இன்னிக்கு பாஸா ஃபெயிலா?" என்று கேட்பார்.

"ஜஸ்ட் பாஸ்" என்பேன். அவருக்குக் கோபம் வராது. வந்தாலும் அடுத்த நாள் காலை முதல் பால் எங்கள் வீட்டுக்குத்தான்.

அந்த வருஷம் மழைக்கு முன்னால் அவருடைய மாடுகளில் ஒன்று செத்துப்போனது. வயிறு உப்பி, தீனி எடுக்காமல், பல நாள் படுத்தே கிடந்து செத்தது. குப்பைமேட்டுப் பிளாஸ்டிக்கைத் தின்றிருக்கும். அதை வண்டியில் ஏற்ற ஆள் போதாமல் என் கொழுந்தனார் போய்க் கை கொடுத்தார். என் கணவரின் தம்பி அவர். தறியில் உட்கார்ந்தால் வாய் திறக்காதவர், தெருவில் யாருக்கு என்ன என்றாலும் முதலில் போய் நிற்பவர்.

அதற்கு அடுத்த வாரம் அவருடைய ஆள்காட்டி விரலில் ஒரு புண் வந்தது. நடுவில் கன்னங்கரேல் என்று பொருக்கு, சுற்றிலும் வீக்கம். டவுனில் ஒரு டாக்டரிடம் போனார். டாக்டர் கேட்ட கேள்விகளுக்கு ஒழுங்காகப் பதில் சொன்னார், செத்த மாட்டைத் தூக்கியதையும் சொன்னார். டாக்டர் அன்றே மருந்தை ஆரம்பித்துவிட்டு, புண்ணில் பஞ்சை வைத்துத் துடைத்தெடுத்து, மரபணு பார்க்கிற ஒரு தனியார் கூடத்துக்கு அனுப்பினார். அதுவரை எல்லாம் முறையாகத்தான் நடந்தது.

அறிக்கை கொழுந்தனாரின் செல்போனுக்கு வந்தது. ஒரே பக்கம். 'பேசில்லஸ் ஆந்த்ராசிஸ். ஒற்றுமை நூற்றுக்கு நூறு.' அவர் அதை என்னிடம் காட்டுவதற்கு முன் என்ன அர்த்தம் என்று நண்பர் ஒருவரைக் கேட்க, நண்பர் தெரு வாட்ஸாப் குழுவில் போட்டுக் கேட்க, நான் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வருவதற்குள் தெருவே டாக்டராகியிருந்தது. ஆந்த்ராக்ஸ். எங்கள் ஊரில் அடைப்பான் என்பார்கள். மாட்டிலிருந்து மனிதனுக்கு வரும், தோலில் கறுப்புப் பொருக்கு வைக்கும், ஆளையே கொல்லும்.

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அதை மறைக்க மாட்டேன். கொழுந்தனாரின் கையைப் பிடித்துப் பார்த்தேன். வீக்கம் முன்னைவிட வடிந்திருந்தது, காய்ச்சல் இல்லை. நிம்மதியாக மூச்சு விட்டுவிட்டு, உடனே சந்தேகப்படத் தொடங்கினேன்.

முதலாவது, அந்த மாடு. அடைப்பான் வந்த மாடு நாள்கணக்கில் படுத்துக் கிடக்காது. காலையில் மேயப் போனது மாலைக்குள் விழும், மூக்கில் இரத்தம் வரும், அந்த இரத்தம் உறையாது. சின்ன வயதில் எங்கள் ஊரில் அப்படி ஒரு மாட்டைப் பார்த்திருக்கிறேன். அதைத் தொடாதே என்று அப்பா போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இரண்டாவது, அந்த 'நூற்றுக்கு நூறு'. எதில் நூறு? எவ்வளவு நீளத் துண்டில்? இரண்டாவது வரியில் யார் இருந்தார்? அறிக்கையில் எதுவும் இல்லை. முதல் வரியை மட்டும் எடுத்து முத்திரை குத்தியிருந்தார்கள்.

தெருவுக்கு இதெல்லாம் எதற்கு? மறுநாள் காலை அக்கா கேனோடு வந்தபோது ஒவ்வொரு வீடாகக் கதவு சாத்தியிருந்தது. மாடுகளை ஊருக்கு வெளியே ஓட்டிப் போகச் சொல்லி ஒருவர் குழுவில் எழுதினார். இன்னொருவர், மிச்சமிருக்கிற இரண்டையும் கொன்று புதைப்பதுதான் நல்லது என்றார். நேற்றுவரை அந்தப் பாலில் காபி குடித்த வாய்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைத் தூக்கிச் சுவரில் அடித்திருப்பேன்.

அக்கா எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"நீ இதத்தானே படிச்சிக்கினு இருக்கிற? உண்மையா அது?"

"அந்தப் பேப்பர வெச்சி ஆமான்னு சொல்ல முடியாதுக்கா."

"அப்ப இல்லன்னு எழுதிப் போடு, நீ சொன்னா கேப்பாங்க."

"இல்லன்னும் இப்ப சொல்ல முடியாது."

"பாலுக்கு மட்டும் டக்குனு சொல்லுவியேமா" என்றார். சொல்லிவிட்டுக் கேனைத் தூக்கிக்கொண்டு போனார். கேன் நிறையப் பால் இருந்தது. அன்று நான் வேலைக்குப் போகிற வழியெல்லாம் மனசு ஆறவில்லை.

கூடத்துக்குப் போனதும் அறிக்கை கொடுத்தவர்களுக்குப் போன் போட்டு, கொழுந்தனார் பெயரில் அவருடைய எழுத்து வரிசையைக் கேட்டேன். முணுமுணுத்துக்கொண்டே அனுப்பினார்கள். களஞ்சியத்தில் போட்டுத் தேடினேன். பட்டியல் வந்தது. முதல் வரி ஆந்த்ராசிஸ், நூறு. இரண்டாவது வரி பேசில்லஸ் செரியஸ், அதுவும் நூறு. சோற்றிலும் மண்ணிலும் சாதாரணமாக இருக்கிற கிருமி அது. அடுத்தது, பயிருக்குப் பூச்சிமருந்தாகத் தெளிக்கிற இன்னொன்று, அதுவும் நூறு. இப்படியே திரை முழுக்க இந்த மூன்றும் கலந்து கலந்து ஒரே மதிப்பெண்ணோடு நின்றன. எல்லோரும் சமம் என்றாலும் பட்டியல் என்று ஒன்று போட்டால் யாராவது ஒருவர் மேலே நின்றுதானே ஆக வேண்டும். ஆந்த்ராசிஸ் நின்றிருந்தது. அதற்கு மேல் அந்த முதல் வரிக்கு ஒரு பொருளும் இல்லை.

வீட்டில் கணவருக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க நான் புடவையைத்தான் எடுத்தேன். ஒரே மாதிரிக் கரை போட்ட புடவையை இந்தத் தெருவில் எத்தனை பேர் நெய்கிறார்கள்? கரையில் ஒரு சாண் வெட்டிக் காட்டினால் இது யார் தறியில் இறங்கியது என்று சொல்ல முடியுமா? இவர்கள் படித்தது அந்த ஒரு சாண் கரைதான். ஆந்த்ராக்ஸின் விஷத்தைச் செய்கிற மரபணு இருந்தால் அது உடலிலும் முந்தானையிலும் இருக்கும், அதை யாரும் பார்க்கவே இல்லை.

"அப்ப அந்த செரியஸ் கிருமியாத்தான் இருக்கும்னு சொல்லு" என்றார்.

"இருக்கலாம்னுதான் சொல்லுவேன். விரலுக்கு அது எப்படி வந்துச்சின்னு தெரியணும்."

ஆந்த்ராசிஸுக்காவது செத்த மாடு என்று ஒரு கதை இருந்தது. என் கட்சிக்குக் கதையே இல்லை. நான் சந்தேகப்படுகிறேன் என்பதற்காக முதல் வரி பொய்யாகிவிடாது. ஒருவேளை மாடு விஷயத்தில் நான்தான் தவறாக நினைக்கிறேனோ என்று என் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது.

மறுநாள் லீவு போட்டேன். விடிந்தும் விடியாததுமாக எங்கள் தெருவில் பாவு நீட்டியிருந்தார்கள். புடவைக்கு நீளவாக்கில் ஓடுகிற பட்டு இழைகள்தான் பாவு. தெரு நீளத்துக்கு அதை இழுத்துக் கட்டி, இழை விறைப்பாக நிற்க அரிசிக் கஞ்சி தடவிக் காயவைப்பார்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த வேலையைத் தாண்டித்தான் பஸ்ஸுக்கு ஓடுகிறேன், ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. அன்று வாசலில் நின்று பார்த்தேன். விறைத்த இழை ஒன்று ஒருவரின் விரலைக் கீறிவிட்டது. அவர் பக்கத்தில் கிடந்த கழிவுப் பட்டு நூலை எடுத்தார், கஞ்சிச் சட்டியில் முக்கினார், விரலில் இறுக்கிச் சுற்றிக்கொண்டார், மறுபடி வேலையைப் பார்த்தார். ஒரு சொட்டு இரத்தம் பாவில் விழுந்தால் புடவை கெட்டுப்போகும். கஞ்சி காய்ந்தால் கட்டு கல்லாக நிற்கும். அவருக்கு விரலைப் பற்றிக் கவலையே இல்லை.

எனக்குச் சட்டென்று உறைத்தது. உள்ளே ஓடினேன். கொழுந்தனார் தறியில் இருந்தார்.

"விரல்ல கீறல் எப்ப விழுந்துச்சி?"

"பாவு நீட்டினப்ப, அண்ணி. மாடு தூக்கினதுக்கு அப்பறம்."

"கஞ்சியில பட்டு முக்கிச் சுத்துனீங்களா?"

"ஆமா, எல்லாரும் சுத்துறதுதானே."

"எந்தக் கஞ்சி?"

"முந்தின நாள் மீந்தது. கொஞ்சம் புளிச்சிருந்துச்சி."

"பட்டு இன்னா கலரு?"

தறியில் அப்போது ஓடிக்கொண்டிருந்த புடவையைக் காட்டினார். கருநீலம். ஈரத்தில் சாயம் விட்டால் கறுப்பென்றே தெரியும் நீலம். பொருக்கில் ஊறியிருந்ததும் அந்தச் சாயமாகத்தான் இருக்கும்.

"டாக்டர்கிட்ட ஏன் சொல்லல?"

"அவர் கேக்கலயே அண்ணி. போறப்ப அத அவுத்துப் போட்டுட்டு, நல்லா கைய கழுவிக்கினுதான் போனேன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. புளித்த சோற்றுக்கஞ்சியை வெட்டுக்காயத்தில் வைத்துக் கட்டினால் சோற்றுக் கிருமி வராமல் வேறு எது வரும்?

அவரையும் இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். பட்டியலின் முழுப் பக்கத்தையும் காட்டினேன், கஞ்சியையும் சாயத்தையும் சொன்னேன். டாக்டர் பொறுமையாகக் கேட்டார். விஷத்துக்கான மரபணு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி அரசுக் கூடத்துக்கு ஏற்கெனவே மாதிரி அனுப்பிவிட்டதாகச் சொன்னார். "நீங்க சொல்றது பொருந்துது. ஆனா அது வர்ற வரைக்கும் நான் எதுவும் எழுத மாட்டேன்" என்றார். சந்தேகப்படத் தெரிந்த இன்னொரு ஆளைப் பார்த்ததில் எனக்கு மரியாதை வந்தது. ஆனால் வீடு திரும்பி அக்காவிடம் மறுபடி 'பொறுங்கள்' என்று சொல்ல வேண்டியிருந்தது. அவர் கேட்டுக்கொண்டே கறந்த பாலைச் சாக்கடையில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

அரசுக் கூடத்தின் பதில் வந்தது. விஷத்துக்கான மரபணு ஒன்றுகூட இல்லை, அது ஆந்த்ராக்ஸே இல்லை. நான் அதைக் குழுவில் போட்டேன், பட்டியலை எப்படிப் படிக்க வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதியும் போட்டேன். சிலர் கட்டைவிரலைக் காட்டினார்கள். ஒருவர், "அப்போ அந்த நூத்துக்கு நூறு பொய்யா மேடம்?" என்று கேட்டார். பொய்யில்லை, நூறு உண்மைதான், அது சொல்லாத ஒன்றை நீங்கள் படித்தீர்கள் என்று பதில் எழுதினேன். அதை யாரும் படித்த மாதிரித் தெரியவில்லை.

கொழுந்தனாரின் விரல் ஆறிவிட்டது. வீடுகள் ஒவ்வொன்றாகப் பாலுக்குத் திரும்பின, சில வீடுகள் பாக்கெட்டோடு நின்றுவிட்டன. மாடுகள் இரண்டும் பிழைத்தன. அக்காவும் அதே தெருவில், அதே கேனோடு வருகிறார்.

ஆனால் இப்போது அவர் கையில் ஒரு சின்ன டம்ளரும் இருக்கிறது. ஒவ்வொரு வாசலிலும் கேனிலிருந்து ஒரு மடக்கு எடுத்து, வீட்டுக்காரர்கள் பார்க்கத் தானே முதலில் குடிக்கிறார். அப்புறம்தான் பாத்திரத்தில் ஊற்றுகிறார். யாரும் அவரைக் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை.

நான் சொன்னேன். "அக்கா, என் வீட்டுல எதுக்கு இது? எனக்குத் தெரியாதா?"

"உனக்குத் தெரியும்மா" என்றார். சொல்லிக்கொண்டே டம்ளரைக் காலி செய்தார். "எதிர்வீட்டு ஜன்னல்ல பாத்துக்கினு இருக்காங்க இல்ல."

நான் பாத்திரத்தை நீட்டினேன். நகத்தில் விட்டுப் பார்க்கிற வழக்கத்தை அன்றோடு விட்டுவிட்டேன்.