தங்கமீனின் விரதம்

எங்கள் வீட்டில் வளர்ந்த தங்கமீன் ஒன்று சாப்பிட்டுச் சாப்பிட்டே சாகப் பார்த்தது. நான் நாலாம் வகுப்பு படித்தபோது அப்பா வாங்கித் தந்த மீன். காலையில் பள்ளி வேன் வருமுன் அதற்கு ஒரு சிட்டிகை தீனி போடுவது என் வேலை. அதை நான் ஒழுங்காகத்தான் செய்தேன், சாமி சத்தியமாக.

அப்போது மலேசியாவில், கூலிம் என்ற ஊரில் குடியிருந்தோம். அப்பா அம்மா இருவருக்கும் ஒரே தொழிற்சாலை. அம்மாவுக்குப் பகல் ஷிப்ட், அப்பாவுக்கு இரவு ஷிப்ட். காலையில் அம்மா போய் இறங்கும் கம்பெனி பஸ்ஸில்தான் அப்பா ஏறி வீடு திரும்புவார். வேலை நாள்களில் இருவரும் முகம் பார்த்துக்கொள்வது அந்தப் பஸ் படிக்கட்டில்தான். நானும் அக்காவும் பள்ளிவிட்டு வரும்போது அப்பா நல்ல தூக்கத்தில் இருப்பார். சத்தம் போட்டால் அக்கா தொடையைக் கிள்ளிவிடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் வயிறு உப்பி, ஒருக்களித்து மிதந்தது. நான் அழுத அழுகையில் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா எட்டிப் பார்த்தார். அப்பா மீனைத் தண்ணீரோடு ஒரு பிளாஸ்டிக் பையில் விட்டு, என்னையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு, வாங்கிய கடைக்கே போனார். கடைக்காரச் சீனர் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். இதற்கு இரைப்பையே கிடையாது, போதும் என்று நிறுத்தத் தெரியாது, போடப் போடத் தின்னும் என்று மலாயில் திட்டித் தீர்த்தார். மூன்று நாளைக்கு எதுவும் போடக்கூடாது. பிறகு அவித்த பட்டாணியைத் தோலுரித்துக் கொஞ்சம். அதற்கப்புறம் இருவேளை மட்டும், உடனே தின்று முடிக்கிற அளவு. பிழைத்தால் உன் அதிர்ஷ்டம் என்றார்.

வீட்டுக்கு வந்து விசாரணை வைத்தேன். அக்கா மத்தியானம் போட்டிருக்கிறாள். அம்மா வேலைவிட்டு வந்ததும் போட்டிருக்கிறார். அப்பா காலையில் வந்ததும் போட்டிருக்கிறார். ஆளைக் கண்டதும் வாயைத் திறந்துகொண்டு வந்தால் யாருக்குத்தான் மனசு கேட்கும்? அம்மா செய்தது இன்னும் ஒரு படி மேல். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் சைவம். தீனி டப்பாவில் இறால் படம் போட்டிருந்ததால், அன்றைக்கு மட்டும் மீனுக்கு இட்லியை உதிர்த்துப் போட்டிருக்கிறார்.

“வாயில்லா ஜீவன மூணு நாள் பட்டினி போடறதா? எந்த ஊரு நியாயம்லா இது,” என்றார் அம்மா. பிறகு அவரே மனசைத் தேற்றிக்கொண்டார். “பட்டினின்னு சொல்லாத. வெரதம்னு சொல்லு.”

விரதம் நடந்தது. யாரையும் நம்பாமல் டப்பாவை என் பள்ளிப் பையிலேயே வைத்துக்கொண்டேன். மீன் கண்ணாடியில் முட்டி முட்டிக் கெஞ்சியது. பார்க்கச் சகிக்காமல் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தோம். பட்டாணி தின்ற மறுநாள் அது நிமிர்ந்து நீந்தியபோது எனக்கு உயிர் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீட்டில் இருந்தபோது, இனிமேல் காலை எனக்கு, சாயங்காலம் அக்காவுக்கு என்று நானே தீர்ப்புச் சொன்னேன். அம்மா தலையாட்டினார். மறுநாள் சாயங்காலம் வேலைக்குக் கிளம்பும்போது, அப்பா காலில் சப்பாத்து மாட்டிக்கொண்டே என்னைக் கூப்பிட்டார்.

“பாப்பா, காலைல போடறத அப்பாவுக்குக் குடுத்துடறியா? அந்த ஒரு வேளதாம்மா. கூடப் போட மாட்டேன்.”

எனக்கு ஒரே ஆச்சரியம். யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்திராத மனிதர், ஒரு சிட்டிகை மீன் தீனிக்காக என்னிடம் கெஞ்சுகிறார். மீன் மேல் அவ்வளவு ஆசை போலிருக்கிறது என்று நினைத்து, பெரிய மனது பண்ணி டப்பாவைக் கொடுத்தேன். நாங்கள் எல்லோரும் கிளம்பிப் போன பிறகு தினமும் அவர் பூட்டைத் திறந்து நுழைந்த அந்த வீட்டில், அவரைக் கண்டு ஓடி வர அந்த மீன் ஒன்றுதான் இருந்தது என்பது அந்த வயதில் எனக்கு உறைக்கவில்லை.