படிக்கு ஒரு சொல்

நீதிமன்றத்துக்கு எதிர்க் கட்டடத்தில், இரண்டாம் மாடியில், மூன்று மேசை போட்ட அறை ஒன்று. நடு மேசைக்காரர் ஆங்கிலக் காகிதங்களைத் தமிழாக்கித் தருபவர். பத்தாவதோடு படிப்பு நின்றது. தட்டச்சு வேலைக்கு வந்து, இயந்திரக் கையேடுகளையும் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள்களையும் எழுத்துக் கூட்டிப் படித்துக் கற்ற ஆங்கிலம் அவருடையது. ஓர் அரைப்புள்ளிக்காக முழுப் பக்கத்தையும் திரும்ப அடிப்பார். அதனால் அந்தக் கட்டடம் முழுக்க அவருக்கு 'அரைப்புள்ளி' என்று பெயர்.

அவருடைய தம்பி ஒரு துணிக் கிடங்கில் சுமை இறக்குபவன். பரணிலிருந்து பெட்டியோடு படியில் இறங்கும்போது விழுந்து இறந்தான். இருபத்தாறாம் நாள் தம்பி மனைவி ஒரு தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"தொழிலாளர் துறை ஆய்வாளர் இங்கிலீஷ்ல எழுதினது மாமா. தமிழ்ல வேணுமாம், வியாழக்கிழமை விசாரணை. கிடங்கு மேனேஜர் இவரு கவனக்குறைவா இறங்கினாருன்னு எழுதிக் குடுத்திருக்காரு. போனவரு போயிட்டாரு. அந்தப் பேரோட போக வேணாம்."

அவர் படித்தார். யாரோ ஒருவரின் காகிதத்தைப் படிப்பது போலத்தான் இருந்தது. படிக்கட்டைப் பற்றி ஒரே ஒரு வரி: அது 'ஸ்டீப்' என்று.

"செங்குத்துன்னு போடுங்க மாமா."

"செங்குத்துன்னா சுவரும்மா. அவங்க வக்கீல் கொத்தனார் தூக்குக்குண்டைக் கட்டிக் காட்டிச் சிரிச்சிட்டுப் போயிடுவாரு."

பக்கத்து மேசைக்காரர் திரும்பினார். "கூடப் பொறந்தவனுக்குக் கூடவா அண்ணே அரைப்புள்ளி பார்ப்பீங்க? தாராளமாப் போடுங்க." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். நடு மேசைக்காரருக்குக் கோபம் வரவில்லை. அந்த நாட்களில் பசியும் வரவில்லை.

சொல்லுக்கு ஓர் அட்டை என்று வைத்திருப்பது அவர் வழக்கம். 'ஸ்டீப்' அட்டையை எடுத்தார். மலைக்குச் செங்குத்து, சாலைக்கு ஏற்றம், ஆற்றங்கரைக்குச் சரிவு, கூரைக்கு வாட்டம். ஆங்கிலக்காரன் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்லைப் போட்டுவிடுகிறான்; எவ்வளவு என்று சொல்வதில்லை. சாலைக்கு அதிகமாகிற சாய்வு கூரைக்குப் போதாது. படிக்கு அட்டையில் எதுவும் இல்லை. பார்க்காத பொருளுக்கு அவர் சொல் எழுதுவதில்லை. அளவு நாடாவை எடுத்துக்கொண்டு கிடங்குக்குப் போனார்.

கிடங்குக் காவலாளி பரண் படியைக் காட்டினார். இவர் ஒவ்வொரு படியாக ஏறி அளந்தார். உயரம் பத்து அங்குலம். பாதம் வைக்கும் அகலம் ஏழு. பதினொரு படியும் அப்படியே. ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. முன்னங்காலை ஊன்றி ஏறிவிட்டார். இதற்கா விழுந்தான் என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. மேலே போய் இறங்கத் திரும்பினார். குதிகால்தான் படியில் ஊன்றியது. பாதத்தின் முன்பகுதி வெளியே இருந்தது.

"அப்படி இல்ல சார், விழுந்துடப் போறீங்க!" காவலாளி கத்தினார். "முதுகைக் காட்டி இறங்குங்க, ஏணியில இறங்குற மாதிரி. நாங்க எல்லாரும் அப்படித்தான். மேனேஜரும் அப்படித்தான் இறங்குவாரு."

"தோள்ல பெட்டி இருந்தா?"

"அப்போ எப்படி சார் திரும்புறது? கைப்பிடியைப் பிடிக்கவும் கை இருக்காதே."

அவர் முதுகைக் காட்டி இறங்கினார்.

அறைக்கு வந்து அந்த வரியை எழுதினார்: 'படிக்கட்டு மிகுந்த சரிவுடையது.' அவ்வளவுதான். தம்பி மனைவி இரண்டு தரம் படித்தாள்.

"நேர்ல போய்ப் பார்த்துட்டு வந்தும் இவ்வளவுதானா மாமா?"

"ஆய்வாளர் எழுதினது இவ்வளவுதாம்மா. நான் ஒரு சொல் கூட்டினேன்னு தெரிஞ்சா மொத்தத்தையும் தள்ளிடுவாங்க. மிச்சத்தை நீ கேளு." பத்து, ஏழு என்ற இரண்டு அளவையும் ஒரு கேள்வியையும் தனித்தாளில் அவள் கையாலேயே எழுத வைத்தார். உறவுக்காரர் மொழிபெயர்ப்பு செல்லாது என்பதால், பக்கத்து மேசைக்காரர் வரிக்கு வரி ஒத்துப்பார்த்துத் தன் பெயரில் கையெழுத்துப் போட்டார். அன்று அவர் கிண்டல் செய்யவில்லை.

வியாழக்கிழமை விசாரணை அதிகாரி தமிழ்த் தாளைப் படித்துவிட்டு, "சரிவுன்னா எவ்வளவு?" என்றார். தம்பி மனைவி எழுந்து அளவுகளைச் சொன்னாள். பிறகு மேனேஜரைப் பார்த்துக் கேட்டாள்.

"நீங்க அந்தப் படியில எப்படி இறங்குவீங்க?"

"எப்படின்னா... திரும்பித்தான் இறங்கணும். அதான் ஜாக்கிரதை. எல்லாருக்கும் சொல்லியிருக்கோம்."

"பெட்டியோடவா?" என்றார் அதிகாரி.

மேனேஜர் தன் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் தாளைப் புரட்டினார்.

அதிகாரி 'கவனக்குறைவு' என்ற சொல்லின் மேல் கோடு கிழித்தார். 'சுமையுடன் இறங்கத் தகாத படிக்கட்டு' என்று மேலே எழுதி, ஒருமுறை வாய்விட்டுப் படித்தார்.

வெளியே தாழ்வாரத்தில் தம்பி மனைவி சுவரில் சாய்ந்து அழுதாள். கூட வந்திருந்த அண்ணனுக்கு அழுகை வரவில்லை. அவள் பையை வாங்கி வைத்துக்கொண்டு, அவள் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் நின்றார்.