ஜெபம் பண்ணி வாங்கிய வேன்

டோங்காத் தீவிலிருந்து ஆக்லாந்துக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மெலியானே இடுப்பில் பாய் கட்டாமல் சபைக்கு வந்துவிட்டாள். டோங்காக்காரர்களுக்கு அது பாதி உடுப்போடு வந்த மாதிரி. பெட்டி எந்த விமானத்திலோ தங்கிப்போனதற்கு அவள் என்ன செய்வாள்? வாசலில் கூசிப்போய் நின்றவளை, அதே சபையைச் சேர்ந்த லூப்பே கழிப்பறைப் பக்கம் இழுத்துப்போய், தன் இடுப்புப் பாயை அவிழ்த்து அவளுக்குக் கட்டிவிட்டாள். "உள்ள போ. எனக்கு அடுப்படியில வேலை கிடக்கு" என்றாள். ஆராதனை முடிகிறவரை லூப்பே சமையற்கூடத்தை விட்டு வெளியே வரவில்லை. அங்கே அன்றைக்கு அடுப்பே பற்றவைக்கவில்லை என்பது மெலியானேவுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

அப்புறம் பதினோரு வருஷம் இருவரும் ஒரே வேலிக்கு இரண்டு பக்கமும் குடியிருந்தார்கள்.

லூப்பேக்கு விமான நிலையத்தில் தரை துடைக்கிற வேலை. அவள் புருஷன் ஃபெலெட்டி இறைச்சித் தொழிற்சாலையில் இருந்தவன், ஆள் மலை மாதிரி. சர்க்கரை முதலில் அவன் ஒரு காலை எடுத்துக்கொண்டது, பிறகு சிறுநீரகத்தை. வாரத்துக்கு மூன்று தடவை ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்தாக வேண்டும். அவர்களுடைய பழைய கார் ஒரு மழைநாளில் நடுரோட்டில் உயிரை விட்டது. அவனையும் சக்கர நாற்காலியையும் ஏற்ற, பக்கக் கதவு தள்ளித் திறக்கிற வேன் ஒன்று வேண்டும். வண்டி இல்லையென்றால் அவன் இல்லை, கணக்கு அவ்வளவுதான்.

அந்த நேரத்தில் சபை மூப்பரின் தங்கை மகன் ஹோபோவாத்தே ஆஸ்திரேலியா போகிறேன் என்று தன் வேனை விற்க வந்தான்.

மெலியானே வெங்காயம் பொறுக்குகிற கிடங்கில் வேலை செய்தவள். அங்கே கேட்டதை வேலிமேல் சாய்ந்துகொண்டு சொன்னாள்.

"அக்கா, வாங்கறதுக்கு முன்னாடி வண்டி நம்பரைப் போன்ல போட்டுப் பாரு. கடன் நிக்குதான்னு காட்டிடுமாம்."

"யாரு வண்டிய? மூப்பர் தங்கச்சி மகன் வண்டியவா? அடியே, நாளைக்கு அவரு மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

"அவருக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே!"

சபையில் ஒருத்தரை ஒருத்தர் சோதித்துப் பார்க்கிற வழக்கம் கிடையாது.

புதன்கிழமை பாட்டுப் பயிற்சி முடிந்ததும் போதகர் வேனின் முகப்பில் கை வைத்து ஜெபம் பண்ணினார். எல்லோரும் மழைத் தூறலில் நின்று பாடினார்கள். பேசிய விலையைக் கொடுத்தது போதாதென்று, தன் தாய் தட்டிச் செய்த மரப்பட்டைத் துணியையும் லூப்பே ஹோபோவாத்தேயின் தோளில் போட்டாள். அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான். நல்ல பிள்ளை என்றார்கள் எல்லோரும். வண்டியும் லூப்பே பெயருக்கு மாறிவிட்டது. பெயர் மாறினால் வண்டிமேல் வேறு யார் பாரமும் இருக்காது என்றுதான் நினைத்தார்கள்.

குளிர்காலம் முழுக்க வேன் ஓடியது. திரும்பி வரும்போது ஃபெலெட்டி பின்னால் உட்கார்ந்து அடிக்குரலில் பாடுவான். வண்டி முனை திரும்புவதற்குள் அந்தக் குரல் மெலியானே வீட்டு அடுப்படிக்கு வந்துவிடும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவனை ஏற்றி வார் போட்டு முடித்த நேரம், இழுவை லாரி ஒன்று வாசலை அடைத்து நின்றது. இறங்கியவன் சமோவாக்காரப் பையன், நல்ல உடம்பு, தலை நிமிரவில்லை.

"மன்னிச்சுக்கங்க ஆன்ட்டி. இந்த வேன்மேல கடன் இருக்கு. கட்டாம விட்டுட்டாங்க. எடுத்துட்டு வரச் சொல்லியிருக்காங்க."

"நான் கடனே வாங்கலியே தம்பி. முழுசாக் குடுத்துல்ல வாங்கினேன்."

"நீங்க வாங்கல ஆன்ட்டி, வித்தவரு வாங்கினது. கடன் ஆளோட போகாது, வண்டியோடதான் வரும்."

உள்ளேயிருந்து ஃபெலெட்டி சத்தம் போட்டான். "அப்ப என்னையும் சேத்து இழுத்துக்கிட்டுப் போ! என் மேலயும் ஊரெல்லாம் கடன்தான்!"

பையன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. ஊசி குத்தின தழும்புகளோடு தடித்துக் கிடந்த அந்தக் கையைப் பார்த்தான். "முதல்ல அங்கிளை ஆஸ்பத்திரில இறக்கிடுங்க. நான் பின்னாடியே வர்றேன்" என்றான்.

சொன்னபடியே வந்தான். ஆஸ்பத்திரி வாசலில் லூப்பே பாட்டுப் புத்தகங்களையும் ஃபெலெட்டியின் தலையணையையும் எடுத்துக்கொண்டாள். கூடவே போயிருந்த மெலியானே அவற்றை வாங்கி வைத்துக்கொண்டாள். லூப்பே மதியத்துக்கு வைத்திருந்த சேப்பங்கிழங்குப் பொட்டலத்தைப் பையனிடம் நீட்டி, "பக்கக் கதவு கொஞ்சம் இடக்குப் பண்ணும். தூக்கிவிட்டுத் தள்ளு" என்றாள்.

ஹோபோவாத்தேயின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, பிறகு அடிப்பதும் நின்றது. மூப்பர் வந்து லூப்பே வீட்டுத் தரையில் தலைகுனிந்து உட்கார்ந்தார். அவருக்கு இவள்தான் ஆறுதல் சொல்லி அனுப்பினாள். கடன் கொடுத்த கம்பெனி பாக்கியைக் கட்டினால் வண்டியைத் தருவோம் என்றது. சபையில் கேட்கலாம் என்றால், வருஷக் காணிக்கை எடுத்து மூன்று நாள்கூட ஆகவில்லை. இருந்ததையெல்லாம் எல்லோரும் கர்த்தருக்குக் கொடுத்து முடித்திருந்தார்கள். லூப்பேயும்தான்.

சபை ஆண்கள் முறை வைத்து வந்தார்கள். சின்னக் கார்களில் அவனைத் திணித்து ஏற்றினார்கள், நாற்காலியைக் கூரைமேல் கட்டினார்கள். வேலைக்குப் பிந்திப் போய் ஒருத்தர் பேச்சு வாங்கினார், ஒருத்தருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. பிறகு ஒருநாள் யாரும் வரவில்லை. அடுத்த வாரத்தில் இரண்டு நாள் வரவில்லை. ஃபெலெட்டிக்கு முகமெல்லாம் ஊதியது.

"ஊருக்குப் போயிடலாம், லூப்பே" என்றான்.

"அங்க ரத்தம் சுத்தம் பண்ற மிஷின் கிடையாது."

"தெரிஞ்சுதான் சொல்றேன்."

லூப்பே கையிலிருந்த தட்டைச் சுவரில் வீசினாள். அந்தச் சத்தம் வேலி தாண்டிக் கேட்டது. அவள் சத்தம் போட்டு மெலியானே கேட்டது அந்த ஒருநாள்தான். மெலியானே அன்றைக்கு முழங்காலில் நின்று வெகுநேரம் ஜெபம் பண்ணினாள்.

ஊருக்குக் கிளம்பிய அன்று, விமான நிலையத்தில் லூப்பே துடைத்த அதே தரையில்தான் கடைசியாக நின்றார்கள். ஃபெலெட்டி நாற்காலியில் கண்ணை மூடிக் கிடந்தான். பாடவில்லை. மெலியானே குனிந்து லூப்பேயின் இடுப்புப் பாய் முடிச்சைச் சரிசெய்தாள். வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

லூப்பே கைப்பையைத் துழாவி வேனின் மாற்றுச் சாவியை எடுத்து அவள் கையில் வைத்து மூடினாள்.

"இத அந்தக் கம்பெனில குடுத்துடு, மெலி. ஒரு சாவிய வச்சுக்கிட்டு அவங்க திண்டாடப்போறாங்க. எனக்கு எதுக்கு? எங்க ஊர்ல கோயிலும் கல்லறையும் நடக்கிற தூரந்தான்."